முதுகு தேய்ப்பவளின் முகம்

விருந்தாளி வரும் நாளன்று காலையில் நாரே தன்னுடைய ஐந்து படங்களையும் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள். யாரும் திருப்பச் சொல்லவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் முன்ஹோ காபிக் கோப்பையோடு அவள் பக்கம் வந்து நின்றார். "இன்னைக்கு வெளிச்சம் தூக்கலா இருக்குல்ல? ரூம் முழுக்கக் கலரா அடிக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கொரியாவில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் புரியும் என்கிறவர்களை அந்த ஊரில் வளர்ந்தவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

முன்ஹோ அவளுக்குச் சொன்பே. சியோலில் இருவரும் ஒரே ஓவியக் கல்லூரி, அவர் பல வருடம் முன்னால் படித்தவர். மற்ற நாட்டுக்காரர்கள் கல்லூரியை விட்டால் கல்லூரியும் அவர்களை விட்டுவிடும். கொரியர்களை அது விடுவதில்லை. சொன்பே என்றால் சாகும்வரை சொன்பே. பாரிஸை ஒட்டிய இவ்ரியில், முன்பு பல்பு தயாரித்த ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவருக்குப் பட்டறை இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் நாரே இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியபோது, ஜன்னலிலிருந்து தள்ளி இருந்த பாதியை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். பதிலுக்கு அவள் அவருடைய தூரிகைகளைக் கழுவினாள், மை அரைத்தாள், அவர் உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள். முப்பத்து நான்கு வயதில் இப்படி எழுந்து எழுந்து உட்கார்வது முழங்காலுக்கு நல்ல பயிற்சிதான்.

அன்றைக்கு வரவேண்டிய விருந்தாளி ஒதில் என்கிற பெண்மணி. பாரிஸின் மரே பகுதியில் ஓவியக்கூடம் நடத்துகிறவள். அவளைப் பட்டறைக்கு வரவழைக்க முன்ஹோ இரண்டு வருடமாக எத்தனை திறப்பு விழாக்களில் எத்தனை கோப்பைப் புளித்த ஒயின் குடித்தார் என்பது அவருடைய வயிற்றுக்குத்தான் தெரியும். பழுப்புக் காகிதத்தில் கறுப்பு மையால் ஒரே ஒரு பெரிய கீற்று, அதுதான் அவருடைய படம். இருபது வருடமாக அதே கீற்று. சில சமயம் இரண்டு.

நாரேயின் படங்கள் வேறு சாதி. கொரியாவில் இத்தாலித் துண்டு என்று ஒரு பச்சை நிறச் சொரசொரப்புத் துணி உண்டு. கையில் உறை மாதிரி மாட்டிக்கொண்டு ஊறிய உடம்பைத் தேய்த்தால் அழுக்கு திரித்திரியாக உருண்டு வரும். அது இல்லாத குளியலறை அங்கே கிடையாது. இத்தாலிக்காரர்கள்தான் அதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். நாரே தூரிகையை வைத்துவிட்டு அந்தத் துண்டைக் கையில் மாட்டிக்கொண்டு, சட்டம் அடிக்காத சணல் துணியில் வண்ணத்தைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவாள். அவள் அம்மா மனிதர்களைத் தேய்ப்பதுபோல.

கொரியாவின் மாசான் துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் ஒரு பெண்கள் குளியல்கூடத்தில் நாரேயின் அம்மா முப்பது வருடமாக முதுகு தேய்க்கிறாள். கறுப்பு உள்ளாடைதான் சீருடை. ரப்பர் விரித்த கட்டிலில் ஒருத்தி கண்ணை மூடிப் படுப்பாள். அம்மா கழுத்திலிருந்து கால்வரை தேய்ப்பாள். ஒரு பக்கம் முடிந்ததும் ஈரக் கையால் இடுப்பில் இரண்டு தட்டு. டப், டப். திரும்பிப் படு என்று அர்த்தம். வாயால் சொல்வதில்லை. மேயரின் மனைவியாக இருந்தாலும் அந்தத் தட்டுக்குப் புரண்டுதான் ஆகவேண்டும்.

கல்லூரியில் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் நாரே "அழகுக்கலை சம்பந்தமா" என்று சொல்லி வைத்திருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். ஆனால் உறுத்தியது. பாரிஸ் வந்த பிறகு, யாரும் அவளைப் பற்றி எதுவும் கேட்காத ஊரில், அந்த உறுத்தல் வளர்ந்துகொண்டே போனது. போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலம் ஊருக்குப் போய் ஒரு மாதம் குளியல்கூடத்திலேயே உட்கார்ந்து வரைந்து எடுத்து வந்தாள். அதிலிருந்து பிறந்தவைதான் ஐந்து படங்களும். தலையில் துண்டு சுற்றிக்கொண்டு வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை ஊறும் பெண்கள். அம்மணமாக உட்கார்ந்து உறிஞ்சுகுழலில் வாழைப்பழப் பால் குடிக்கிறவர்கள். மீன்கடை கூன்சான் சித்தியின் மூன்று மடிப்பு வயிறு. ரோஜா நிறம், தக்காளிச் சிவப்பு, குளியல்கூடத்துச் சுவர் ஓட்டின் நீலம். ஐந்தாவது படத்தில் அம்மாவின் முகம் மட்டும், கட்டிலில் படுத்திருக்கிறவள் கீழேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. மூக்குத் துவாரம், தாடையில் தொங்கும் வியர்வை, பல்லைக் கடித்த வாய்.

அதற்கு உட்காரச் சொன்னபோது அம்மா சிரித்தாள். "என் மூஞ்சி எதுக்குடி? முப்பது வருசமா எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுத்தான் படுக்குறாளுக. இதுவரைக்கும் ஒருத்தியும் என் மூஞ்சியப் பாத்ததில்ல. முதுக வேணா வரஞ்சுக்கோ."

ஆனால் முகத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

சணல் துணி நெருக்கமில்லாத நெசவு. முன்பக்கம் தேய்த்த வண்ணம் இழை வழியாகக் கசிந்து பின்பக்கம் வெளிறிய கறைகளாகப் படிந்துவிடும். அந்தப் பக்கத்தை நாரே கவனித்ததே இல்லை. மூலையில் பென்சிலால் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான் அது. துணியின் மேல் ஓரத்தில் ஒரு மரக்கோல், கோலுக்கு இரண்டு ஆணி. திருப்பி மாட்டுவது எளிது. அப்படித்தான் அன்று காலை ஐந்தும் திரும்பின.

ஒதில் வந்தாள். நரைத்த குட்டை முடி, விலையுயர்ந்த சாயம்போன சட்டை. முன்ஹோவின் கீற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து "ஆமா, ஆமா" என்றாள். அந்த "ஆமா"வின் தொனியை வைத்தே முன்ஹோவின் கழுத்து தொங்கிப்போனது. நாரே மூலையில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒதிலின் விரலில் மை ஒட்டிக்கொண்டது. கை கழுவுவதற்காக நாரேயின் பக்கமிருந்த தொட்டிக்கு வந்தாள். குழாயைத் திறந்தவள் மூடவில்லை.

"இது யாருடையது?"

நாரே முன்ஹோவைப் பார்த்தாள். சொன்பேயின் விருந்தாளியிடம் தன் படத்தைப் பற்றித் தானே வாயைத் திறப்பதைவிட நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம்.

"இவளோடதுதான். எனக்கு ஜூனியர்" என்றார் முன்ஹோ, சிரித்தபடி. பல் மட்டும் சிரித்தது.

ஒதில் ஒவ்வொரு துணியின் முன்னாலும் நின்றாள். வெளிறிய கறை, அதற்குள் இன்னொரு வெளிறிய கறை. மூலையில் பென்சில் கையெழுத்து. "எவ்வளவு மௌனம் பாருங்க இதுல. பனி மாதிரி. எல்லாத்தையும் விட்டுட்டு வந்த ஒருத்தராலதான் இப்படி வரைய முடியும். நீங்க தியானம் பண்ணுவீங்களா?"

அது திருப்பி மாட்டியது, பின்பக்கம் என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஆனால் சொன்னால், ஏன் திருப்பி வைத்தாய் என்று கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் சொன்பேயைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். துணியைத் திருப்பிக் காட்டினால் அவர் வீட்டு விருந்தில் இவள் கடை விரித்த மாதிரி ஆகும். நாரே வேறு வழி தெரியாமல் குனிந்து வணங்கினாள். தர்மசங்கடத்தில் கொரியர்கள் செய்வது அது. ஒதில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

"மார்ச்ல எனக்கு இடம் காலியா இருக்கு" என்றாள்.

அன்று மதியம் முன்ஹோ ராம்யோன் நூடுல்ஸ் சமைத்தார். வழக்கமாக ஒரே சட்டியில் இரண்டு பொட்டலம் போட்டு இருவரும் மூடியில் வைத்துச் சாப்பிடுவார்கள். அன்று ஒரு பொட்டலம்தான் உடைத்தார்.

"வாழ்த்துக்கள்" என்றார் சட்டியைப் பார்த்தபடி.

"சொன்பே, நான் அவங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். அது பின்பக்கம்னு."

"சொல்லி?"

"உங்க படத்தை வெக்கச் சொல்றேன்."

"அடேங்கப்பா. பெரிய மனசு." அவர் நூடுல்ஸை உறிஞ்சினார். "ஏய், கேளு. நான் இங்க வந்த புதுசுல டெலிவரி மோட்டார்பைக்கா வரைஞ்சேன். செவப்பு, மஞ்ச, பின்னாடி கோழி வறுவல் பெட்டி. பாத்தவன் பூரா 'இதுல கொரியா எங்க இருக்கு'ன்னு கேட்டான். கோழி வறுவல் வண்டி இல்லாத கொரியா எங்கய்யா இருக்கு! அப்புறம் போய் மை வாங்கினேன். கேக்குறத நிறுத்திட்டான். உனக்கு ஒரு காசு மை செலவு இல்லாம வந்திருக்கு. வாய மூடிட்டுப் போவியா."

அதில் எவ்வளவு புத்திமதி, எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று நாரேயால் பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே சட்டியில்தான் வெந்திருந்தன.

வாயை மூடிக்கொள்வதற்கு அவளுக்கும் காரணம் இருந்தது. ஏப்ரலோடு அவளுடைய தங்கும் அனுமதி முடிகிறது. ஓவியராகத் தொழில் செய்கிறேன் என்று காட்டினால்தான் நீட்டித்துத் தருவார்கள். மூன்று வருடத்தில் அவள் காட்டியது ஒரு தேவாலயத்து மண்டபத்தில் கூட்டமாக நடந்த கண்காட்சியும், ஒரு கொரிய உணவகத்தின் கழிப்பறைச் சுவரும்தான். மரேயில் தனிக் கண்காட்சி என்றால் அலுவலகத்தில் மறுபேச்சு இருக்காது. இல்லையென்றால் மாசானுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். 

இன்னொரு பக்கம் அம்மா. முதல் நாளே சந்தோஷத்தில் உளறிவிட்டது நாரேயின் தப்பு. "அம்மா, அந்தக் குளியல்கூடத்துப் படம் பாரிஸ்ல பெரிய இடத்துல வெக்கப்போறாங்க" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் மாசான் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு தினமும் வீடியோ அழைப்பு. பின்னணியில் நீராவியும் பெண்களின் கூச்சலும்.

"நாரே! என் வயித்த கொஞ்சம் குறைச்சு வரஞ்சியா இல்ல அப்படியேவா?" என்று கூன்சான் சித்தி திரைக்குள் முகத்தை நுழைப்பாள்.

"அப்படியேதான் சித்தி."

"பாவி மக! பாரிஸ்காரன் என்ன நினைப்பான்!"

"மீன் நல்லா வித்திருக்குன்னு நினைப்பான்" என்று அம்மா இடைமறிப்பாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏண்டி, என்னையும் வெக்கறாங்களா? அந்த மூஞ்சியையா? ஃபோட்டோ அனுப்பேன், பாக்கறேன்."

"திறப்பு விழா அன்னைக்கு நேர்லயே காட்டறேம்மா" என்று நாரே மென்று விழுங்குவாள். அழைப்பை வைத்த பிறகு உட்கார்ந்த இடத்திலேயே நகத்தைக் கடிப்பாள். கட்டை விரலில் கடிக்க நகம் மிச்சமில்லை.

துணிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓவியக்கூடத்துக்குப் போன நாளில் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒதிலுக்கே தெரிந்துவிடும். முன்பக்கத்தில் இவ்வளவு பெரிய வயிறும் முகமும் இருக்கும்போது கண்ணிருக்கிற யாருக்கும் தெரியத்தானே வேண்டும். தான் வாயைத் திறக்காமலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். திட்டுவாளோ, சிரிப்பாளோ, வெளியே போ என்பாளோ, எதுவானாலும் இந்தத் தவிப்பு முடியும்.

வேலையாள் முதல் துணியை மேசைமேல் உருட்டி விரித்தான். அம்மாவின் முகம் தக்காளிச் சிவப்பில் கூரையைப் பார்த்தது. ஒதில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள். 

"ஓ!" என்றாள் ஒதில். "இங்கேயிருந்துதான் வேலை பண்றீங்களா! பின்னாலேருந்து வண்ணத்தைத் தள்ளுறது. உங்க ஊர்ப் பெரிய ஓவியர்கள் சில பேர் அப்படித்தான் பண்ணுவாங்கன்னு படிச்சிருக்கேன். அற்புதம்."

"அது... மதாம், அதுதான் முன்பக்கம்."

ஒதில் நிமிர்ந்து பார்த்து அன்பாகச் சிரித்தாள். "உங்களுக்கு முன்பக்கம். புரியுது. ஒரு சத்தமான வாழ்க்கை இருக்கு, அது இந்தப் பக்கம் வடிகட்டி மௌனமா வருது. ஆனா பாக்க வர்றவங்களுக்கு அடுப்படி எதுக்கு? அது உங்களோட அந்தரங்கம். இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, மர்மம் இருக்கட்டும்."

"இது எங்க அம்மா" என்றாள் நாரே. குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பாத்தீங்களா, அந்தரங்கம்தான்" என்று ஒதில் அவள் தோளைத் தொட்டாள்.

கெட்டவள் என்று அவளைச் சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நல்லெண்ணத்தோடு அம்மாவைப் பார்த்தாள், மெச்சினாள், சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டச் சொன்னாள். அழைப்பிதழும் அச்சாகிவிட்டது: மௌனத்தின் ஐந்து படிகள். வயிறு, பால் குடிக்கிறவர்கள், வெந்நீர்த் தொட்டி எல்லாம் படிகளாகிவிட்டன. நாரே தலையாட்டிவிட்டு மெட்ரோவில் நின்றுகொண்டே அழுதாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தது இன்னும் அவமானமாக இருந்தது.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை மதியம். கூட்டம் நன்றாகவே வந்தது. மெல்லிய கோப்பைகள், மெல்லிய குரல்கள். ஏதோ அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று ஒதில் வந்து காதில் கிசுகிசுத்துவிட்டுப் போனாள். ஜனங்கள் கறைகளுக்கு முன்னால் கைகட்டி நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்தார்கள். "மூச்சு விடுது" என்றாள் ஒருத்தி. முன்ஹோ தன்னுடைய ஒரே நல்ல கோட்டில் ஜன்னலோரம் நின்று ஒயினை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். அவளைத் தவிர முழு உண்மையும் தெரிந்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நாரேக்கு உயிர் போய் வந்தது. அவரோ சீஸ் போடுவதற்காகத்தான் திறந்தார்.

கைப்பேசி அதிர்ந்தது. எடுக்காமல் விட்டாள். மறுபடி அதிர்ந்தது. இரண்டு முறை தட்டிவிட்டாள். நான்காவது முறை, எடுக்காவிட்டால் அம்மா பயந்துவிடுவாள் என்று மூலைக்குப் போய் எடுத்தாள்.

திரை நிறைய முகங்கள். மாசானில் இரவுச் சாப்பாட்டு நேரம். குளியல்கூடத்தைச் சீக்கிரமே மூடிவிட்டு உடைமாற்றும் கூடத்தின் மேடையில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குளித்த முகம் இல்லை, பவுடர் முகம். உதட்டுச் சாயம் வேறு. பாரிஸ் தங்களைப் பார்க்கப்போகிறது என்று நினைத்திருக்கிறார்கள். அம்மா தலைமுடியைச் சுருட்டி வந்திருந்தாள். கழுத்தில் நாரேயின் கல்லூரிப் பட்டமளிப்புக்கு வாங்கிய பட்டுத்துணி.

"காட்டுடி, காட்டு! ஏன் மூலையில நிக்கற?"

நாரே கைப்பேசியைத் திருப்பினாள். வேறென்ன செய்வாள்? வெள்ளைச் சுவர்கள், கோப்பைகள், ஐந்து வெளிறிய துணிகள்.

மேடையில் எல்லோரும் திரையை நோக்கி முன்னால் சாய்ந்தார்கள்.

"இன்னும் மாட்டலியா?" என்று கூன்சான் சித்தி கேட்டாள். "வெறும் தொடைக்கற துணியால்ல தொங்குது."

"என் வயிறு எங்க?" என்றாள் இன்னொருத்தி.

"உன் வயிறா, அது என் வயிறு!" என்றாள் சித்தி.

அம்மா திரைக்கு அருகில் வந்து கண்ணைச் சுருக்கினாள். முப்பது வருடம் நீராவிக்குள் முதுகு பார்த்த கண். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"அந்தக் கடைசித் துணி என்னோடதுதானே?"

"ஆமாம்மா."

"சொவத்தப் பாத்து மாட்டியிருக்கு. யாரு திருப்பினது?"

ஒதில் என்று சொல்லலாம். முன்ஹோ என்றும் சொல்லலாம், அதுவும் பாதி உண்மைதான். ஆனால் அன்று காலை கோலைப் பிடித்துத் திருப்பிய கை யாருடையது என்று நாரேக்குத் தெரியும்.

"நான்தாம்மா."

"எனக்கு வெக்கமா இருக்கும்னு திருப்பினியா? இல்ல உனக்கு வெக்கமா இருந்துச்சா?"

அழகுக்கலை சம்பந்தமா. அம்மாவுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. எவ்வளவு காலமாக என்று கேட்க நாரேக்குத் தைரியம் வரவில்லை.  மூலையில் நின்று கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விசும்பினாள். அருகிலிருந்த ஒருத்தி, படைப்பாளி உணர்ச்சிவசப்படுகிறாள் என்று மரியாதையாக விலகிப் போனாள்.

"சீ, அழாத. மூக்கு வழியுது பாரு, ஊரே பாக்குது" என்றாள் அம்மா. பிறகு கையை ஓங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூன்சான் சித்தியின் இடுப்பில் வைத்தாள்.

டப், டப்.

கூன்சான் சித்தி, பாவம், பழக்கதோஷத்தில் பவுடர் முகத்தோடு அப்படியே மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மேடை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. நாரேக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் கால் நடந்துவிட்டது.

கைப்பேசியை மேசையில் ஒயின் புட்டிமேல் சாய்த்து, சுவர் அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். கடைசித் துணியிடம் போனாள். கோலின் ஒரு முனையை ஆணியிலிருந்து தூக்கினாள். மறுமுனை அவள் கைக்கு எட்டவில்லை. இழுத்தால் துணி கிழியும்.  ஏப்ரல் நினைவுக்கு வந்தது. அப்படியே மாட்டிவிட்டுத் திரும்பிவிடலாமா என்றும் தோன்றியது. யாரும் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை.

மறுமுனை தானாக எழும்பியது. முன்ஹோ.

"இடுப்புப் பிடிச்சுக்கும், சீக்கிரம் திருப்பு" என்று முனகினார். அவர் வாயில் ஒயின் வாசனை. அவளுக்கு உதவத்தான் வந்தாரா, அவள் கவிழ்வதை அருகிலிருந்து பார்க்க வந்தாரா என்று அப்போதும் தெரியவில்லை, பிறகும் அவள் கேட்கவில்லை. சொன்பேயிடம் அதையெல்லாம் கேட்பதில்லை.

திருப்பினார்கள். மாட்டினார்கள்.

தாடையில் வியர்வை தொங்க, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓர் ஆள் உயரத்துக்கு அம்மாவின் முகம் அறையைக் குனிந்து பார்த்தது. அதன் முன்னால் நின்றவர்கள் எல்லோரும் கட்டிலில் படுத்துக்கிடப்பவர்கள் ஆகிவிட்டார்கள். பேச்சு ஒவ்வொரு மூலையாக அணைந்தது. ஒதிலின் முகத்தை நாரே பார்க்கவில்லை. பார்த்தால் தைரியம் போய்விடும்.

புட்டிமேல் சாய்ந்திருந்த கைப்பேசியில் கூன்சான் சித்தி "ஐயோ, நாரே அம்மா!" என்று அலறியது அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது. அங்கே ஒருத்தி கைதட்டினாள். நாரே ஓடிப்போய்க் கைப்பேசியை எடுத்தாள்.

அம்மா திரையை விட்டு அகலாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாய் கொஞ்சம் கோணலா இருக்குடி."

"தேய்க்கும்போது அப்படித்தாம்மா இருக்கும்."

"இருக்கும், இருக்கும்." அம்மா தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அங்க ஏன் யாரும் பேசல? கோவமா?"

"தெரியலம்மா. பாக்கறாங்க."

"கண்ணத் தொறந்தா?"

நாரே திரும்பிப் பார்த்தாள். அருங்காட்சியகத்துக்காரரோ யாரோ, ஒரு முதியவர், கோப்பையைக் கையில் மறந்துபோய் வைத்துக்கொண்டு அம்மாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா. தொறந்துதான்."

 கைப்பேசியில் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"ஏய்" என்றார் முன்ஹோ. அவர் அதற்குள் அடுத்த துணியின் கோலில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். "வர்றியா இல்லியா? கை கடுக்குது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒதில் அவர்களை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தாள். வாயைத் திறந்துவிட்டாள், ஏதோ சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள். நாரே போய்க் கோலின் மறுமுனையைப் பிடித்தாள்.